அரைத்தவர் பெயர் இல்லாத மசாலா: தஞ்சோங் பகார்த் தமிழரின் உணவும் அடையாளமும்

கேள்வி

மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தை ஒட்டி ஒரு சிறிய தெரு போகிறது. அதன் பெயர் கடையநல்லூர் தெரு. கோழிச் சோற்றுக்காக நிலையத்துக்குள் வரிசை பிடித்து நிற்பவர்களின் கண்ணில் அந்தப் பெயர்ப் பலகை பட்டாலும், தென்காசிப் பக்கத்து நெசவாளர் ஊர் ஒன்றின் பெயர் சிங்கப்பூர் நகர மையத்தில் எதற்கு என்று யோசிக்க அவர்களுக்கு முகாந்திரம் இல்லை. பக்கத்திலுள்ள தஞ்சோங் பகார் சாலையில் இன்று கொரிய உணவகங்கள் நிறைந்திருக்கின்றன. வட்டாரத்தின் சாப்பாடு எது என்று இளைஞர் ஒருவரைக் கேட்டால் அதைத்தான் சொல்வார். ஆனால் நகரச் சீரமைப்புக்கு முன்பு கடையநல்லூர், தென்காசித் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்த வட்டாரம் இது. அவ்வீட்டுப் பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் நடத்தினார்கள்.

உணவு ஒருவரின் அடையாளத்தைக் காட்டும் என்பதைப் பெரும்பாலும் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்கிறோம். இட்லி தின்பவர் தமிழர், நாசி லெமாக் மலாய்க்காரருடையது, கோழிச் சோறு சீனருடையது என்ற வாய்பாடு சிங்கப்பூரில் பள்ளிப் பாடத்திலிருந்து சுற்றுலாக் கையேடுவரை புழங்குகிறது. இந்த வாய்பாட்டை ஒரே ஒரு வட்டாரத்தில் வைத்துச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தஞ்சோங் பகாரில் தமிழரின் உணவு அடையாளம் எதில் இருந்தது? பதார்த்தத்திலா, அதைச் சமைத்த கையிலா, யாருடன் பந்தியில் உட்காரலாம் என்ற விதியிலா? பதார்த்தம் எளிதில் கைமாறும், பந்தி எளிதில் மாறாது என்பது என் வாதம். அடையாளத்தைத் தட்டில் தேடுவதைவிடப் பந்தியில் தேடுவதே பலன் தரும்.

முன்பு சொல்லப்பட்டவை

நீ என்ன உண்கிறாய் என்று சொல், நீ யார் என்று சொல்கிறேன் என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர் பிரியா-சவரேன் 1825-இல் எழுதியது உலகம் முழுவதும் மேற்கோளாகிவிட்டது. அவர் மனத்தில் இருந்தவர், என்ன உண்பது என்று தெரிவு செய்யும் வசதி படைத்த மனிதர். இந்த நிபந்தனையைப் பின்னால் வந்தவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

தமிழ்ச் சமூகத்தை நேரில் ஆராய்ந்து எழுதியவர் அர்ஜுன் அப்பாதுரை. 1981-இல் வெளிவந்த கட்டுரையில், தமிழ்ப் பிராமண வீடு, கல்யாணப் பந்தி, கோயில் ஆகிய மூன்று களங்களிலும் உணவைச் சுற்றி நடக்கும் அரசியலை அவர் காட்டினார். ஒரே உணவு நெருக்கத்தையும் சமத்துவத்தையும் உணர்த்தலாம். அதே உணவு உயர்வு தாழ்வையும் விலக்கத்தையும் உணர்த்தலாம் என்பது அவர் கண்டது. சிங்கப்பூர் பற்றிய எழுத்துகளில் சுவா பெங் ஹுவாட், ஆனந்த ராஜா இருவரும் சேர்ந்து எழுதிய 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை முக்கியமானது. இங்கே உணவுகள் ஒன்றோடொன்று ஆழமாகக் கலந்துவிட்டன, ஆனாலும் இன முத்திரை மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்ற முரணை அவர்கள் சுட்டினார்கள். தோர்ஸ்டன் ட்ஷாகர் 2018-இல் வெளியிட்ட நூல் உணவைப் பற்றியது அல்ல. ஆனால் ‘இந்தியர்’ என்ற இனப் பெட்டிக்கும், மலாய்க்காரரோடு பிணைத்தே பார்க்கப்படும் ‘முஸ்லிம்’ என்ற சமயப் பெட்டிக்கும் நடுவில் தமிழ் முஸ்லிம்கள் மாட்டிக்கொள்வதை விரிவாகப் பேசுகிறது. தஞ்சோங் பகாருக்கு இந்த நூல்தான் சரியான நுழைவாயில் என்று கருதுகிறேன்.

இவற்றுக்கு எதிர்ப்புறத்தில், பலவற்றை நறுக்கிக் கலக்கும் ரோஜாக் என்ற உணவை உவமையாக்கி, ‘நாம் எல்லாரும் ஒரே ரோஜாக்’ என்ற மேடைப் பேச்சு உண்டு. அது நல்லெண்ணப் பேச்சுதான். ஆனால் ரோஜாக்கை யார் நறுக்குகிறார், யார் அதைத் தொடமாட்டார் என்ற இரண்டு கேள்விகளையும் அது கேட்பதில்லை.

ஒரு மைல் சுற்றளவில் பல அடுப்புகள்

தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864-இல் தொடங்கியது. ஐந்தாண்டு கழித்து சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் பெருகின, துறைமுகத்துக்கு ஆள் தேவைப்பட்டது. 1905-இல் அரசாங்கம் நிறுவனத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1913-இல் சிங்கப்பூர்த் துறைமுக வாரியம் உருவானது. 1932-இல் ரயில் நிலையமும் வந்தது. மூட்டை தூக்கவும், நிலக்கரி அள்ளவும், தண்டவாளம் பராமரிக்கவும் தமிழர்கள் வந்தார்கள்.

அவர்கள் எல்லாரையும் ஒரே சமையற்கட்டில் வைத்துப் பேச முடியாது. மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்கள், செட்டிநாட்டுச் சமையல்காரரை வைத்து, ஊர்ப் பக்குவத்தில் உண்டார்கள். சௌத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் எழுந்த மாரியம்மன் கோயில் இந்துத் தொழிலாளர்களுக்குச் சமயத் துணையாகவும் வந்தவர்களுக்கு ஒதுங்கும் இடமாகவும் இருந்தது. அதே சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயரில் அல்-அப்ரார் பள்ளிவாசல், அருகிலேயே நாகூர் தர்கா ஆகியவற்றைச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் எழுப்பினார்கள். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளிலோ ஆண்கள் கூட்டாகப் பொங்கித் தின்றார்கள். நடந்தே கடக்கக்கூடிய தூரத்துக்குள் இத்தனை அடுப்புகள். ஒன்றில் உண்டவர் மற்றொன்றில் உண்டிருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் கடையநல்லூர்க்காரர்களின் வரலாறு தனித்தது. நெசவு நொடித்த ஊரிலிருந்து அவர்கள் பிழைப்புத் தேடி வந்தார்கள். அன்றைய இந்தியக் குடியேறிகளில் பெரும்பாலோர் தனி ஆண்களாக இருந்தபோது, இவர்கள் மனைவி மக்களோடு குடிபெயர்ந்தார்கள். 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தார்கள். போர் முடிந்ததும், 1946-இல், உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். சீறாப்புராணம் பாடியவரின் பெயரைத் தாங்கிய அந்தப் பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982-வரை நடந்தது. மொழியில் தமிழ், சமயத்தில் இஸ்லாம், ஊரில் திருநெல்வேலிச் சீமை என்ற மூன்றையும் ஒருசேர ஏந்திய சமூகம் இது.

குடும்பமாக வந்ததால் பெண்கள் இருந்தார்கள். பெண்கள் இருந்ததால் அம்மி இருந்தது. மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், சோம்பு ஆகியவற்றைத் தண்ணீர் தெளித்து அரைத்து, உருண்டையாகத் திரட்டிச் சந்தையில் விற்பது அவர்களின் வீட்டுத் தொழிலாயிற்று. இதை வெறும் பண்டைய நினைவாக ஒதுக்குவது தவறு. ஈரச் சந்தைகளில் இன்றும் மசாலாக் கடை வைத்திருப்பவர் கேட்கும் கேள்விகளைக் கவனிக்க வேண்டும். மீனா, கோழியா, ஆடா? எத்தனை கிலோ? உறைப்புத் தூக்கலாகவா, பிள்ளைகள் சாப்பிடுமா? வந்து நிற்பவர் மலாய்க்காரராகவும் பெரனாக்கன் மூதாட்டியாகவும் தமிழராகவும் இருக்கலாம். கரண்டியால் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் இவ்வளவு இவ்வளவு என்று வழித்துப் போட்டுத் தருகிறார் கடைக்காரர். அதாவது, தம் வீட்டுச் சமையலோடு மற்றவர் வீட்டுச் சமையலையும் அவர் கற்று வைத்திருக்கிறார். பிறரின் அடுப்பை உள்ளிருந்து அறியும் இந்த அறிவைப் பண்பாட்டு ஆய்வுகள் போதுமான அளவு மதிக்கவில்லை.

அரைத்த மசாலாவுக்கு ஒரு குணம் உண்டு. குழம்பில் கரைந்ததும் அரைத்தவரின் பெயர் போய்விடுகிறது. வாங்கிப்போன பெரனாக்கன் வீட்டில் அது பெரனாக்கன் கறி, மலாய் வீட்டில் மலாய்க் கறி. உணவு அடையாளத்தைப் பிரதிபலிக்கிறது என்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். தஞ்சோங் பகார்த் தமிழ்ப் பெண்களின் உழைப்பு அக்கம்பக்கத்தாரின் அடையாளங்களைத் தாளித்துக் கொடுத்தது. அவர்களின் சொந்த அடையாளமாக எந்தப் பதார்த்தமும் ஊர்ப் பட்டியலில் ஏறவில்லை.

அதே மக்களின் நோன்புக் கஞ்சி வேறு கதை சொல்கிறது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி, இறக்கும்போது தேங்காய்ப்பால். நாகூரிலும் கடையநல்லூரிலும் வைக்கிற அதே கஞ்சி. ரமலான் மாதத்தில் சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சிப் பகிர்வது பொது வழக்கம், மலாய்ப் பள்ளிவாசல்களிலும் உண்டு. பக்குவம் மாறும், பந்தி ஒன்றுதான். தமிழ் முஸ்லிம் ஒருவர் மலாய்ப் பள்ளிவாசலின் கஞ்சியைத் தயக்கமில்லாமல் குடிப்பார். மலாய்க்காரர் வெந்தயக் கஞ்சியைத் தயக்கமில்லாமல் குடிப்பார். சௌத் பிரிட்ஜ் சாலையில் சூலியா பள்ளிவாசலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் பருப்பும் அரிசியும் அதே தமிழ்ச் சமையல்தான், இருந்தும் அந்தப் பந்தி வேறு. மொழி ஒன்றான இடத்தில் பந்தி இரண்டாகவும், மொழி இரண்டான இடத்தில் பந்தி ஒன்றாகவும் இருப்பதை இந்த ஒரே வட்டாரத்தில் காணலாம்.

பந்தியைத் திருத்த முயன்றவர்கள்

பந்திதான் முடிச்சு என்பதைச் சீர்திருத்தக்காரர்கள் ஆய்வாளர்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்து சிங்கப்பூரிலும் பேசினார். அவரது இயக்கத்தின் தாக்கத்தில் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது; அதில் முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935-இல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். சாதி வேறுபாட்டையும் கள்ளுக் குடியையும் சங்கம் எதிர்த்தது. இரண்டுமே, பார்க்கப்போனால், யாரோடு எதை உட்கொள்வது என்ற கேள்விகள். சுயமரியாதை இயக்கம் தமிழ்நாட்டில் சமபந்தியை ஆயுதமாக்கியதற்கும் இதுவே காரணம். சாதி சோற்றின் வகையில் இருந்ததைவிட, சோறு யாரோடு என்பதில்தான் உறைந்திருந்தது.

1952-இல் சாரங்கபாணி முன்னெடுத்த தமிழர் திருநாளை நான் இந்த வரிசையில் வைக்கிறேன். பொங்கலை ஒட்டி இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் தமிழர் அனைவரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவரும் முயற்சி அது. அரிசி பொங்கும் நாளைச் சமயம் கடந்த தமிழ் நாளாக்கினால் பந்தி விரியும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. மேடை விரிந்தது உண்மை. இலை விரிந்ததா என்று கேட்டால், பாதிதான் என்பேன். கடையநல்லூர்க்காரர் தமிழர் திருநாளில் கவிதை படிக்கலாம், பட்டிமன்றம் பேசலாம். பண்டிகைச் சாப்பாட்டுக்கு அவருடைய மனம் நோன்புப் பெருநாளையே நாடியது.

தட்டு கலக்கிறது, அடுக்கு பிரிகிறது

பதார்த்தம் கைமாறியதற்குச் சான்றுகள் ஏராளம். மீ கோரிங்கை எடுத்துக்கொள்வோம்: சீனர் மஞ்சள் நூடல்ஸ், மலாய்ப் பெயர், தமிழ் முஸ்லிம் கைப்பக்குவம். அந்தச் சிவப்பு மீ தமிழ்நாட்டில் எங்கும் பூர்விகமாக இருந்தது இல்லை. ‘இந்திய’ ரோஜாக்கில் சீனரின் தாவ்குவாவும் ஜாவாவின் தெம்பேயும் கிடக்கின்றன. மீன்தலைக் கறி இன்னும் தெளிவான வழக்கு. 1949-இல் சோபியா சாலைப் பக்கம் கடை வைத்திருந்த கேரளத்துக்காரர் எம். ஜே. கோமஸ் அதைத் தொடங்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. மீன் தலையை விரும்பி உண்ட சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து அவர் அதைக் கறியாக்கினார். 1969-இல் தோன்றிய முத்தூஸ் கறி முதலிய கடைகள் அதை வாழையிலையோடு சேர்த்து நிலைநிறுத்தின. இன்று லிட்டில் இந்தியாவுக்கு வரும் பயணிக்கு அதைத்தான் இந்திய உணவு என்று பரிந்துரைக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த மென்பொருள் பொறியாளர் அதைப் பார்த்து ஒரு கணம் விழிப்பதும் உண்டு.

இவ்வளவு கலந்த தட்டை உண்ணும் இடம்தான் உணவங்காடி நிலையம். தெருவோர வியாபாரிகளை ஒழுங்குபடுத்த 1971 முதல் 1986 வரை அரசு இவற்றைக் கட்டியது. 2020 டிசம்பர் 16 அன்று யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டை மானுடத்தின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. எல்லா இனத்தாரும் ஒரே மேசையில் உண்ணும் இடம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட பெருமைகளில் ஒன்று. பெருமையில் பொய் இல்லை. சாதி பார்த்து இலை போட்ட சமூகத்தின் பேரப்பிள்ளைகள் அமோய் ஸ்திரீட் நிலையத்தில் முன்பின் தெரியாதவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது சிறிய மாற்றம் அல்ல. இதைச் செய்தது சீர்திருத்த மேடையா, சிமென்ட் மேசையா என்று கேட்டால், மேசைக்கே அதிக மதிப்பெண் போடுவேன்.

ஆனால் சாப்பிட்டு முடித்து எழுந்ததும் பந்தி மீண்டும் தலைகாட்டுகிறது. 2021 செப்டம்பரிலிருந்து தட்டைத் திருப்பி வைக்கும் விதி உணவங்காடி நிலையங்களில் கண்டிப்பாக அமலாகிறது. தட்டு வைக்கும் அடுக்கில் ஹலால் தனி, மற்றது தனி. முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் 1978-இல் ஹலால் சான்றளிப்பைத் தொடங்கியது. முன்பு கடைக்காரரின் முகம் பார்த்து, ஊர் கேட்டு, நம்பி உண்ட இடத்தில் சான்றிதழ் நிற்கிறது. தமிழ் முஸ்லிம் கடைக்கு இதன் விளைவு இரட்டையானது. சந்தை மலாய்க்காரருக்கும் விரிந்தது. கூடவே, ‘முஸ்லிம் உணவு’ என்ற அடைமொழி பலகையில் முன்னுக்கு வந்து ‘தமிழ்’ பின்னுக்குப் போனது. ட்ஷாகர் சொன்ன இரண்டு பெட்டிகளின் இடுக்கை இங்கே பெயர்ப் பலகையிலேயே படிக்கலாம்.

எதை உண்ண மறுக்கிறோம் என்பதன் எல்லைகளும் இப்படித்தான். இந்துத் தமிழரில் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை, ஆனால் மாட்டிறைச்சி விற்கும் முஸ்லிம் கடையில் புரோட்டா வாங்குவார்கள். சீனச் சைவக் கடையில் வெங்காயமும் பூண்டும் இருக்காது, இறைச்சி போலத் தோன்றும் சோயா இருக்கும். அந்தத் தோற்றமே தமிழ்ச் சைவரைச் சங்கடப்படுத்தும். அவருடைய சாம்பாரில் வெங்காயம் தாராளமாகக் கிடக்கும், அது சீனச் சைவருக்கு ஆகாது. இருவரும் இறைச்சி உண்ணாதவர்கள் என்பதால் ஒரு பந்திக்கு வந்துவிடமாட்டார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: இளைய தலைமுறை இவற்றை எல்லாம் பார்க்கிறதா? பலர் பார்ப்பதில்லை என்பது சரியே. ஆனால் கல்யாணம், இறப்பு, நோன்பு, விரதம் என்று வரும்போது பார்க்கிறார்கள். பந்தி அன்றாடத்திலிருந்து விலகிச் சடங்கு நாட்களுக்குள் ஒதுங்கியிருக்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

2011: ஒரு சட்டி கறி

2011 ஆகஸ்டில் ஒரு நாளேடு வெளியிட்ட செய்தி சிங்கப்பூரைக் கொதிக்க வைத்தது. சீனாவிலிருந்து புதிதாகக் குடியேறிய குடும்பம் ஒன்று, பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் வாசனை தாங்கவில்லை என்று சமூக சமரச நிலையத்தை அணுகியிருந்தது. சீனக் குடும்பம் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பது, அவர்களும் கறியை ருசித்துப் பார்ப்பது என்று உடன்பாடு. வழக்கு பல ஆண்டுகள் பழையது, உடன்பாடு இரு தரப்பாரும் தாமே எட்டியது என்று அரசுத் தரப்பு பிறகு விளக்கியது. அதற்குள் ஆகஸ்ட் 21 அன்று நாடெங்கும் வீட்டுக்கு வீடு கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு பரவி, பல்லாயிரம் பேர் ஆதரித்தார்கள். 2013-இல் அல்ஃபியன் சாஅத் இதைத் தொட்டு ஒரு நாடகமே எழுதினார்.

இதை இன நல்லிணக்கத்தின் வெற்றி என்று கொண்டாடுவது பெருவழக்கு. எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அன்று சட்டியை அடுப்பில் ஏற்றியவர்களில் சீனச் சிங்கப்பூரர் ஏராளம். ‘எங்கள்’ கறி என்று அவர்கள் சொன்னபோது, எதிரில் நின்றவர் புதுக் குடியேறி. கறி இந்தியரின் அடையாளமாக இருந்த நிலையிலிருந்து உள்ளூர்க்காரரின் அடையாளமாக ஒரே வாரத்தில் உருமாறியது. வாசனைக்காக முதலில் தலைகுனிந்த குடும்பம் கதையிலிருந்து மெல்ல மறைந்தது. மசாலா கரைந்தபோது அரைத்தவர் மறைந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பான்மை ஒரு பதார்த்தத்தைத் தன்னுடையதாக ஏற்கும்போது அதைச் சமைத்த சிறுபான்மைக்கு மதிப்புக் கூடுகிறது, உரிமை குறைகிறது.

பொட்டலம்

இதுவரை பேசிய எல்லாரும் ஏதோ ஓர் அளவில் தெரிவு செய்து உண்டவர்கள். தெரிவே இல்லாத ஒரு தமிழரையும் கணக்கில் எடுக்க வேண்டும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு ஊழியர்களில் பலர், மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து ஒப்பந்தச் சாப்பாடு வாங்குகிறார்கள். இரவில் சமைத்து விடியுமுன் விடுதிக்கு வரும் பொட்டலம், மதிய வெயிலில் வேலைத்தளத்தில் பிரிக்கப்படும். கெட்டுப்போன சோறு பற்றிய புகார்கள் பல ஆண்டுகளாக உண்டு. 2020 ஏப்ரலில் கொவிட் காரணமாக விடுதிகள் அடைக்கப்பட்டபோது, கொடுக்கப்பட்ட உணவின் தரம் பொதுப் பேச்சானது. வேலை இழந்த, காயமடைந்த ஊழியர்களுக்காக 2008 முதல் லிட்டில் இந்தியாவின் கஃப் சாலைப் பகுதியில் ஒரு தொண்டு அமைப்பு இலவசச் சாப்பாடு போட்டுவருகிறது.

பொட்டலத்துக்குள் இருப்பது சோறு, சாம்பார் அல்லது குழம்பு, ஒரு பொரியல். பதார்த்தத்தை வைத்து அடையாளத்தை அளந்தால், சிங்கப்பூரில் அன்றாடம் மிகத் தமிழாக உண்பவர் இவர்தான். மேசை, எதிரில் உட்காருபவர், உறைப்பின் அளவு, உண்ணும் நேரம் என்று பந்தியின் எந்த உறுப்பும் இவர் கையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்கு வந்ததும் இவர் செய்கிற முதல் காரியங்களில் ஒன்று, கூட்டாளிகள் நாலு பேரோடு ஒரு கடையில் உட்கார்ந்து, தனக்கு வேண்டியதைத் தானே சொல்லி வாங்குவது. அன்று இலையில் இருப்பது கொத்துப் புரோட்டாவாக இருக்கலாம், சிவப்பு மீ கோரிங்காகவும் இருக்கலாம்.